தலை போன கவுன்

எங்கள் தாமான் குடியிருப்பில் யாருடைய ஜிப்பு மாட்டிக்கொண்டாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நான் தையல்காரி இல்லை. மலாக்கா பக்கம் மெர்லிமாவில் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் மீ கோரேங் கிண்டுகிறவள். ஆனால் கையில் ஒரு மெழுகுவர்த்தித் துண்டும், மழுங்கிய பென்சிலும், என் வீட்டுக்காரரின் பிளேயர் குறடும் இருந்தால் போதும், செத்த ஜிப்பை எழுப்பி உட்கார வைத்துவிடுவேன். பள்ளிப் பை, மழைக்கோட்டு, சிலுவார் என்கிற கால்சட்டை என்று வாரத்துக்குக் குறைந்தது இரண்டு வந்துவிடும். முதுகுக்குப் பின்னால் 'ஜிப்பு அக்கா' என்கிறார்கள். முன்னால் யாரும் சொல்லிப் பார்த்ததில்லை. என் வாய் அப்படி.

ஜிப்பு ரொம்பப் பாவம் என்பது என் கட்சி. தப்பு எப்போதும் இழுக்கிறவர்கள் மேல்தான். கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு ஒரே இழுப்பு. துணி உள்ளே போய்ச் சிக்கும். சிக்கியது தெரிந்தும் இன்னும் பலமாக இழுப்பு. அப்புறம், "மட்டமான ஜிப்புலா, அக்கா" என்று என்னிடமே வந்து நிற்பது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஒருநாள் நாலு வீடு தள்ளி இருக்கும் ஓர் அண்ணன் வாசலில் வந்து நின்றார். இடுப்புக்கு முன்னால் நாளிதழை விரித்துப் பிடித்திருந்தார். சட்டை நுனி ஜிப்புக்குள் போய் மாட்டிக்கொண்டதாம்.

"கழட்டிட்டுக் கொண்டு வாங்கண்ணே, பாத்துத் தரேன்" என்றேன்.

"கழட்ட முடிஞ்சா நான் ஏம்மா இங்க வரேன்?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தானே. கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்து எங்கள் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். வெளியே நின்றபடி, "மேல தேய்ங்க, இப்ப கீழ தேய்ங்க, இப்ப மெதுவா இழுங்க, மெதுவாண்ணே, மெதுவா!" என்று பாடம் நடத்தினேன். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து நின்றார். விளக்கிச் சொல்ல எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

ஜிப்பில் மேலும் கீழும் ஓடுகிறதே ஒரு துண்டு, அதை மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஜிப்' என்பார்கள். அதையே நாங்கள் 'ஜிப்பு தலை' என்று தமிழாக்கிக்கொண்டோம். தலை ஆடுது, தலை மாத்தணும், தலை காணாம போச்சு என்று எங்கள் வீட்டில் சர்வ சாதாரணமாகப் பேசுவோம். புதிதாக வந்த விருந்தாளிகள் பயந்துபோனதும் உண்டு. தலை ஆடினால் பிளேயரால் இரு பக்கமும் லேசாக அழுத்தினால் சரியாகிவிடும். தலையே போய்விட்டால் வேறு தலை வேண்டும். தலையின் முதுகில் சின்னதாக ஓர் எண் பொறித்திருக்கும். அதுதான் அதன் அளவு. மூன்றாம் நம்பர் பல்லில் ஐந்தாம் நம்பர் தலை நிற்காது. நம் இஷ்டத்துக்கு மாட்ட முடியாது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், என் தங்கச்சி கல்யாணத்துக்கு முந்தின நாள் அவளுடைய கவுனுக்குத் தலை போய்விட்டது.

என் தங்கச்சிக்கு நாற்பத்திரண்டு வயது. ஒரு கிளினிக்கில் பேர் பதிகிற வேலை. அப்பா அம்மா போன பிறகு என் வீட்டில்தான் இருந்தாள். மாப்பிள்ளை வராமல் இல்லை, வந்தார்கள். ஒருவர் வந்த அன்று பல்லி கத்தியது. வேண்டாம் என்றாள். இன்னொருவர் வந்த அன்று பால் திரிந்தது. அவரும் வேண்டாம். மூன்றாவது ஆள் வாசலில் கால் வைக்கும்போது மின்சாரம் போனது. நம் ஊரில் மின்சாரம் போவது அதிசயமா? அதையும் சகுனம் என்றாள். அவளுக்குச் சகுனத்தில் நம்பிக்கை ஒன்றும் கிடையாது. பயம். பயத்துக்கு ஒரு பேர் வேண்டும், பல்லி கிடைத்தது.

நாலாவதாக வந்தவர் சுங்கை ரம்பாய்க்காரர். எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறார். மனைவி இறந்து பல வருடமாயிற்று, பிள்ளைகள் இல்லை. பேச்சே வராது. பெண் பார்க்க வந்தபோது ஒரு மணி நேரத்தில் அவர் பேசியது, "தண்ணி நல்லா இருக்கு" என்பது மட்டும்தான். அதுவும் நான் கொடுத்த தேத்தண்ணியை. அன்றைக்குப் பல்லி கத்தியது, நான் காதால் கேட்டேன். தங்கச்சியும் கேட்டிருப்பாள். ஆனால் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் தாலி. இரவில் மண்டபத்தில் டின்னர். டின்னருக்கு அவள் போட வேண்டிய கவுனை அவரே வாங்கித் தருவதாகச் சொன்னார். ஒருநாள் கேன்டீனில் கரண்டியும் கையுமாக நிற்கிறேன், போன் வருகிறது.

"அக்கா, அவங்களுக்கு என்னா சைஸு?"

"யாருக்கு?"

"அவங்களுக்குத்தான்."

பேரைச் சொல்ல அவ்வளவு வெட்கம். லோரியோடு மலாக்கா டவுனுக்குப் போய், கடையில் தனி ஆளாக நின்று, மாதுளம்பழ நிறத்தில், பின்னால் நீளமாகப் புரள்கிற ஒரு கவுனை வாங்கி வந்தார். முதுகில் கழுத்திலிருந்து இடுப்புவரை மறைவு ஜிப்பு. மூடினால் ஜிப்பு இருப்பதே தெரியாது. அந்த மாதிரி வேலைப்பாடு.

அந்தக் கவுனைத்தான் சனிக்கிழமை காலை தங்கச்சி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, ஜிப்பு போச்சு. தலையே இல்ல."

"தலை எங்க போகும்? கீழ விழுந்திருக்கும், தேடு."

"தேடிட்டேன். இல்ல." கவுனை மேசையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். "சகுனம் சரியில்லக்கா. டின்னர் வேணாம்னு அவருக்குப் போன் பண்ணிடவா? இல்லன்னா..."

அந்த 'இல்லன்னா'வுக்குப் பின்னால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பல்லி, பால், மின்சாரம், அடுத்து ஜிப்பு. இன்றைக்குள் இந்தத் தலையை மாட்டாவிட்டால், அந்த மனுசன் லோரியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். இவள் மறுபடியும் கிளினிக்கில் ஊரார் பேரைப் பதிந்துகொண்டிருப்பாள்.

"போனை வைடி கீழ. ஜிப்பு அக்கா வீட்டுல ஜிப்பு இல்லாம ஒரு கல்யாணம் நிக்குமா? ஊரு சிரிக்கும்" என்று அதட்டினேன்.

என் வீட்டுக்காரர் வெற்றிலையும் வாழையிலையும் வாங்க மோட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். ஓடிப்போய், "ஜிப்பு தலை வாங்கணும், என்னா நம்பர்னு பாத்து மெசேஜ் அனுப்புறேன்" என்று கத்தினேன். தலையாட்டிவிட்டுப் போனார். மோட்டர் சத்தத்தில் அவர் காதில் எது விழுந்தது, எது விழவில்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

தலையே இல்லாதபோது தலையின் நம்பரை எங்கே பார்ப்பது? சரி, எல்லா அளவிலும் வாங்கி வந்தால் ஏதாவது ஒன்று பொருந்தும் என்று நினைத்தேன். அவசரத்தில் இப்படி அனுப்பினேன்: 'நம்பர் 3 4 5 8 பெருசும் சின்னதுமா எடுங்க.'

மலேசியாவில் வாழ்கிற எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. இங்கே நான்கு எண் என்றால் லாட்டரி, நம்பர் எடுப்பது என்றால் சீட்டு வாங்குவது. அதில் பெரிசு, சின்னது என்று இரண்டு வகைப் பந்தயம். நம்பர் கடைக்காரர்கள் கேட்பதும் இதே இரண்டைத்தான்.

இருபத்தாறு வருடமாக நம்பர் எடுக்காதீங்க, நம்பர் எடுக்காதீங்க என்று என் வீட்டுக்காரரைத் திட்டி வருகிறவள் நான். விபத்தான காரின் நம்பர், கனவில் வந்த பாம்பின் நம்பர், எதையும் விடமாட்டார். அப்படிப்பட்டவளே மனம் திருந்தி, கல்யாண வீட்டிலிருந்து, கேட்காமலே ஒரு நம்பர் அனுப்புகிறாள் என்றால் மனுசன் என்ன செய்வார்? மூன்று மணிக்கு மழையில் தொப்பலாக நனைந்து வந்தார். வாழையிலை நனைந்திருந்தது. சட்டைப் பைக்குள் பிளாஸ்டிக் சுற்றிப் பத்திரமாக ஒரு சீட்டு.

"எடுத்துட்டேன். பெரிசு ஒண்ணு, சின்னது ஒண்ணு" என்று நீட்டினார். கண்ணில் அப்படி ஒரு பாசம். எங்கள் கல்யாணத்தன்றுகூட என்னை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"தலை எங்கங்க?"

"எந்தத் தலை?"

அப்புறம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விட்டது.

"உனக்குக் கனவு ஏதும் வந்திருக்கும்னு நெனச்சேன்லா" என்றார் பாவமாக.

"கனவுல வந்தது உங்க தலை! அதைத் திருகுற மாதிரி!"

அந்த நம்பர் அடித்ததா என்று கேட்பீர்கள். அடிக்கவில்லை. பக்கத்தில்கூட வரவில்லை. என் வீட்டுக்காரர் தையல் சாமான் விற்கிற கடைக்கு ஓடினார். அங்கே கதவு பூட்டியிருந்தது. கடைக்காரர் வீட்டிலும் ஏதோ கல்யாணமாம், குடும்பத்தோடு போய்விட்டார்களாம். மலாக்கா டவுனுக்குப் போகலாம் என்றால் மழை விட்டபாடில்லை. சனிக்கிழமை நெரிசல் வேறு. தங்கச்சி கூடத்து நாற்காலியில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் போனைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிந்தது.

சரி, நோயாளியையாவது ஒழுங்காகப் பார்ப்போம் என்று கவுனை மேசையில் குப்புறப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். ஜிப்பின் அடிப்பக்கத்தில், தலை கீழே வழுக்கி விழாமல் இருக்க ஒரு குட்டித் தகடு இருக்கும். அதைக் காணவில்லை. அந்த இடத்தில் துணியின் தையல் ஓர் அங்குலம் பிரிந்திருந்தது. இழுப்பில் அறுந்த தையல் கந்தரகோலமாக இருக்கும். இது ஒவ்வொரு கண்ணாக, பிளேடு நுனியால், துணியில் ஒரு கீறல் விழாமல் பிரித்த தையல். என்னைத் தவிர இவ்வளவு சுத்தமாகப் பிரிக்க இந்த வட்டாரத்தில் ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன்.

"ஐயையோ! இது தானா போன தலை இல்ல! யாரோ வேணும்னே கழட்டியிருக்கா!" என்று கூச்சலிட்டேன். யார், யார் என்று மனம் ஊர் முழுக்கச் சுற்றியது. மாப்பிள்ளை வீட்டுச் சொந்தத்தில் எவளோ ஒருத்தி, கடையில் துணி மடித்தவள், முந்தாநாள் கவுனைத் தொட்டுப் பார்த்துப் பெருமூச்சு விட்ட எதிர்வீட்டுக்காரி. "கண்ணு போட்டா பரவால்ல, கையையும்ல போட்டிருக்கா! அவ கை வெளங்குமா?"

என் வீட்டுக்காரர் தம் சீட்டோடு அடுப்படிப் பக்கம் நழுவிவிட்டார்.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். டின்னருக்கு எனக்கென்று பச்சையில் ஒரு பஞ்சாபி சூட் தையல்காரியிடம் கொடுத்துத் தைத்து வைத்திருந்தேன். பல மாதம் யோசித்துத் தைத்தது. அதன் முதுகிலும் இதே மறைவு ஜிப்பு. அதன் தலையை எடுத்து இதற்கு மாட்டினால் போதும். எனக்குப் பழைய சேலை இருக்கிறது. ஜிப்பு அக்காவை அங்கே எவன் பார்க்கப் போகிறான்? சூட்டைக் கொண்டுவந்து விரித்தேன். மனசு கேட்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் பிளேடை எடுத்தேன்.

முதல் கண்ணை அறுக்கிறேன், "அக்கா, வேணாம்" என்றாள்.

திரும்பினேன். தங்கச்சி வலது கையை நீட்டி விரித்தாள். உள்ளங்கையில் மாதுளம்பழ நிறத்தில் ஒரு ஜிப்பு தலை. காலையிலிருந்து இறுக்கிப் பிடித்திருப்பாள் போல, தோலில் அதன் அச்சு பதிந்து சிவந்திருந்தது.

எனக்கு அதட்டலாகத்தான் வந்தது. "பைத்தியமாடி உனக்கு? நீயேவா கழட்டின? ஏன்?"

"நீதானே சொன்ன."

"நான் என்னாடி சொன்னேன்?"

அவள் என் குரலிலேயே சொன்னாள். அச்சு அசலாக, நான் இழுக்கிற இடத்தில் இழுத்து, நான் சிரிக்கிற இடத்தில் நிறுத்தி. "நாப்பத்திரண்டு வயசுல கவுனா? நல்லதுலா. பின்னால இருக்கற வாலே போதும், மண்டபத்தக் கூட்டத் தனியா ஆள் வைக்க வேணாம்."

சொன்னேன். கவுன் வந்த அன்று, அடுப்படியில், என் வீட்டுக்காரரிடம். அவர் சிரித்தார் என்று இரண்டாம் முறையும் சொன்னேன். எங்கள் வீட்டுச் சுவர் எவ்வளவு மெல்லிசு என்று எனக்குத் தெரியாதா? தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை தங்கச்சியைக் கெடுத்திருக்கிறது.

"மண்டபத்துல எல்லாரும் அதையேதான் நெனப்பாங்க. நீ வாய்விட்டுச் சொன்ன, அவங்க மனசுக்குள்ள சொல்வாங்க. அவரு அதப் பாத்து சங்கடப்படுறத நான் பாக்கணுமா? அதுக்கு டின்னரே இல்லாம போயிடலாம்." அழாமல்தான் சொன்னாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் ஆயிரம் சொல்லுவேன்! என் வாயி ஒரு வாயா? அதப் போயி..." என்று ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே கேவலமாக இருந்தது. பிளேடைக் கீழே வைத்தேன்.

"எனக்கு வயித்தெரிச்சல்டி" என்றேன். "எனக்கு எவன் சைஸ் கேட்டு வாங்கினான்? அடுப்படியில நிக்கற உன் மாமாவ இப்பக் கேளு, என் செருப்பு சைஸு தெரியுமான்னு. அந்த மனுசன் உன் பேரச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, லோரியில போயி, அம்பது பொம்பளைங்களுக்கு நடுவுல நின்னு வாங்கிட்டு வராரு. பாத்தேன், பொறுக்கல. அதான் சொன்னேன். வேற ஒண்ணும் இல்ல."

அடுப்படியிலிருந்து, "ஆறு" என்று ஒரு குரல் வந்தது.

"ஏழு!" என்று கத்தினேன்.

தங்கச்சி சிரித்துவிட்டாள். சிரிப்பு என்று சொல்ல முடியாது, மூக்கு வழியாக ஒரு காற்று. ஆனால் எனக்கு அது போதுமாக இருந்தது. "நீ போயிட்டா இந்த வீட்டுல நான் யாரோட சண்ட போடுவேன், அதையும் நெனச்சுப் பாத்தேன்" என்றேன். அதற்குமேல் சொன்னால் அழுதுவிடுவேன் என்று முள்கரண்டி எடுக்கப் போனேன்.

தலை மாட்டுவதற்கு முள்கரண்டியைப் போல வசதி வேறு இல்லை. கரண்டி முள்ளில் தலையைச் செருகி நிறுத்திவிட்டால் அது ஆடாது, அசையாது. தலைக்கு முன்பக்கம் இரண்டு வாய். ஒரு பக்கத்துப் பல்லை ஒரு வாயிலும், மறு பக்கத்தை மற்ற வாயிலும் சரிசமமாக ஊட்ட வேண்டும். ஒரு பக்கம் முந்தினாலும் துணி கோணிக்கொள்ளும். தங்கச்சி கரண்டியைப் பிடித்துக்கொண்டாள், நான் ஊட்டினேன். முதல் தடவை கோணியது. இரண்டாம் தடவையும். மூன்றாம் தடவை 'டிக்' என்று இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறியது. அடியில் தகடு இருந்த இடத்தில் நூலை எட்டுச் சுற்றுச் சுற்றித் தடுப்புக் கட்டி, பிரித்த தையலை மறுபடி போட்டேன்.

"போட்டுக் காட்டு" என்றேன்.

அறைக்குள் போய் மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றாள். ஜிப்பை மெதுவாக ஏற்றினேன். ஊருக்கெல்லாம் 'மெதுவா, மெதுவா' என்று பாடம் நடத்துகிறவள் அன்றைக்கு எனக்கே அதைச் சொல்லிக்கொண்டேன். இடுப்பு தாண்டி, முதுகு தாண்டி, கழுத்துவரை ஒரு சிக்கில்லாமல் ஏறியது. அவள் திரும்பினாள். மாதுளம்பழ நிறம் அவள் முகத்தில் ஏறியிருந்தது. அந்த லோரிக்காரர் இவளைச் சரியாகப் பார்த்திருக்கிறார். கூட இருந்தவள் நான்தான் பார்க்கவில்லை.

அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு? கிண்டல் பண்ணாம சொல்லு."

நாக்கு நுனிக்கு மூன்று கிண்டல் வந்தது, சத்தியமாக. மூன்றையும் விழுங்கினேன்.

"அழகா இருக்கடி."

"இன்னொரு தடவ சொல்லு."

"ரொம்ப அழகா இருக்க."

அவள் கண் கலங்கியது. பிறந்ததிலிருந்து இவளைத் திட்டியிருக்கிறேன், குளிப்பாட்டியிருக்கிறேன், இவளுக்காக அடுத்தவர்களிடம் சண்டைக்குப் போயிருக்கிறேன். இந்த ஒரு வார்த்தையை ஒருதரம்கூட அவளிடம் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"இதுக்குத்தான்க்கா காத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள், என் தோளில் முகத்தை வைத்து. "ஜிப்ப நானே மாட்டியிருப்பேன்."